சுடர் பறவையான வருஷம்

அத்தியாயம் 3

“அக்கா, செத்தவ சாயா கொண்டு வாறா பாருங்க” என்றான் மோகனன்.

ஆனந்தபாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டிவி திரையில் யாரோ வீட்டு ஹாலில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. சாயா டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு இளம்பெண் ஒருத்தி வந்தாள். கேமரா தன் பக்கம் திரும்பியதைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். பிறகு பாட்டு, பிறகு ஆமென்.

அந்தப் பெண் பின்சி. பாறசாலை ராஜையாவின் ஒரே மகள். 1993 மழைக்காலத்தில் நெய்யாறு அணைத் தண்ணீரில் பிணமாக மிதந்தாள் என்று கோர்ட்டே எழுதி மூடிவிட்ட பெண். அவளைத் தண்ணீரில் தள்ளிக் கொன்றதற்காக அனூஜ் என்பவன் பூஜப்புரை ஜெயிலில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தான். இப்போது 1997.

கேசட்டைக் கொண்டுவந்தவள் அனூஜின் அம்மா சரசம்மா. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேக்கரி மாடியிலிருந்த ஆனந்தபாயின் துப்பறியும் ஆபீஸில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது வற்றிப்போன முகம்.

“எனக்க அண்ணன் மவன் அஜின் கேசட் துடைக்கிற கடை வச்சிருக்கான் மேடம். பூஞ்சை பிடிச்ச கேசட்டைச் சுத்தம் செய்து கொடுப்பான். போன மாசம் ராஜையா இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கான். அஜின் யாருண்ணு அவனுக்குத் தெரியாது. துடைச்சு முடிச்சு ஓடுதாண்ணு போட்டுப் பாத்தான். பாத்ததும் ஒரு காப்பி எடுத்து வச்சுட்டான். இவ ஜீவனோட உண்டு மேடம். எனக்க மவன் ஒண்ணும் செய்யல்ல. அண்ணைக்கு அவன் அணைப் பக்கமே போகல்ல.”

“போலீஸ்ல காட்டினீங்களா?”

“காட்டினேன். ராஜையாவை விளிச்சுக் கேட்டாவ. இது தொண்ணூத்திரண்டு கிறிஸ்மஸுக்கு வீட்டில வச்ச ஜெபம், மவ இருந்த காலம்ணு அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிட்டு என்னை விரட்டி விட்டாவ.”

ஆனந்தபாய் எஸ்.ஐ.யாக இருந்து, மேலதிகாரி ஒருவனின் மேஜையில் தொப்பியை வைத்துவிட்டு வந்தவள். போலீஸ்காரர்கள் எதை அவசரமாகப் பார்ப்பார்கள், எதைப் பார்க்கவே மாட்டார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

“மோகனா, முதல்ல இருந்து போடு.”

“முதல்ல இருந்துதான அக்கா போட்டேன்?”

“இல்ல. நீ கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்தின. நான் பாத்தேன்.”

“அது கம்பெனிப் படம் அக்கா. சினிமாக் கேசட்டுக்க மேல ஜெபத்தைப் பதிஞ்சிருக்கான். ரிக்கார்டு பட்டனை அமுக்கினது கொஞ்சம் பிந்திப்போச்சு. ஆரம்பத்தில கம்பெனிக்காரன் விளக்கு மட்டும் மிச்சம் கெடக்கு. அதை உலகத்தில எவன் பாப்பான்? அதைப் போடும்போதுதான் எல்லாரும் மூத்திரம் பெய்யப் போவினும்.”

மோகனன் முன்பு டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கேஸுக்கு வாடகைக்கு வந்தவன், வாயை மூடாமல் பேசிப்பேசியே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நாற்பது தாண்டியும் அந்த வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

கேசட் பின்னோக்கிச் சுற்றி நின்றது. மறுபடி ஓடியது.

இருட்டுத் திரை. ஒரு குத்துவிளக்கு மெல்லத் தெளிந்தது. சுடர் நீண்டது, வளைந்தது, சிறகு முளைத்துப் பறவையாக எழும்பியது. திரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ‘சுடரொளி வீடியோ’ என்ற பொன்னிற எழுத்தின் மேல் உட்கார்ந்து, பார்ப்பவரை நோக்கி ஒரு கண்ணைச் சிமிட்டியது. உடனே படம் கிழிந்ததுபோல் ஒரு கோடு. ஜெபம் ஆரம்பித்தது.

“கெட்டிக்காரக் கிளி” என்றான் மோகனன். பிறகு நெற்றியைச் சுருக்கினான். “ஆனா அக்கா, எனக்குக் கல்யாணம் ஆன புதுசில மச்சான்மாரு வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்துப் படம் போட்டாவ. இதே சுடரொளிக் கேசட்தான். அதில விளக்கு வெறுதே நிண்ணு எரிஞ்சுது. பறக்கல்ல.”

“உனக்குக் கல்யாணம் எப்போ?”

“தொண்ணூத்தொண்ணில. தேதி கேக்காதீங்க, வீட்டிலயே அடி வாங்கின கேள்வி அது.”

ஆனந்தபாய் எழுந்தாள். “அப்போ விளக்கு எப்போ பறந்துச்சுண்ணு கண்டுபிடிச்சா போதும். தொண்ணூத்திரண்டுக்கு முன்னாலண்ணா ராஜையா சொல்றது சரி. தொண்ணூத்திமூணுக்குப் பிறகுண்ணா, செத்துப்போனவ எழும்பி வந்து சாயா போட்டிருக்கா.”

சரசம்மா அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

சுடரொளி வீடியோவின் விளக்குகளைச் செய்த ஆள் காட்டாக்கடைச் சந்தைக்குப் பின்னால் இருந்தார். பெயர் சுவாமிதாஸ். மெட்ராஸில் ஓவியம் படித்தவர் என்பதை வாசல் பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தார்.

“எந்த விளக்கு? நான் மூணு விளக்கு கொளுத்தினவனாக்கும்” என்றார் எடுத்த எடுப்பில். “முதல் விளக்கு எம்பத்தெட்டில. அட்டையில வரைஞ்ச குத்துவிளக்கு. தீயை மட்டும் கண்ணாடித் தாளில விதவிதமா வரைஞ்சு, ஒவ்வொண்ணா மேல வச்சுப் படம் எடுத்தேன். ஓட விட்டா தீ ஆடும்.”

“ஆடின மாதிரி தெரியல்ல சாரே. காக்கா வலிப்பு வந்த மாதிரி துள்ளிச்சு” என்றான் மோகனன்.

சுவாமிதாஸ் அவனைப் பார்க்காமல் ஆனந்தபாயிடமே பேசினார்.

“அந்தக் காலத்துக்கு அது போதும். ஆனா கள்ளக் கேசட்டுக்காரனும் ஒரு அட்டை வாங்கி வரைஞ்சுட்டான். எனக்க விளக்குக்கும் அவனுக்க விளக்குக்கும் ஆளுவளுக்கு வித்தியாசம் தெரியல்ல. கம்பெனிக்காரன் என்னை விளிச்சுத் திட்டினான். பிறகு ரெண்டாவது செய்தேன். தெர்மோக்கோலில எழுத்து வெட்டி, தங்கத்தாள் ஒட்டி, கறுப்பு நூலில தொங்கவிட்டு, பழைய சைக்கிள் சக்கரத்தில வச்சுச் சுத்தினேன். கீழ சாம்பிராணிப் புகை. எழுத்து மேகத்தில மிதந்து வாறது போல இருக்கும்.”

“அதையும் காப்பி அடிச்சாவளா?”

“அவனுக்கும் சைக்கிள் உண்டே! அப்போதான் சொன்னேன், எவனாலயும் செய்யமுடியாத ஒண்ணு செய்யணும், கம்ப்யூட்டர் வேணும்ணு. மெட்ராஸ் போய் இருந்து செய்தேன். சுடர் பறவையாகணும். அந்தப் பறவை கண்ணைச் சிமிட்டணும். கள்ளக் கேசட்டில பறவை பறக்கும், ஆனா சிமிட்டாது. அவனுவளால அது செய்ய முடியல்ல.”

“பறவை அச்சு அசலா இருக்கு” என்றாள் ஆனந்தபாய்.

சுவாமிதாஸின் முகம் மலர்ந்தது. “இருக்காதா பின்னே? சந்தையில ஒரு கிளி வாங்கினேன். காலில நூல் கெட்டி இந்த அறையிலதான் பறக்கவிட்டேன். பறந்தா படம் எடுப்பேன். உட்கார்ந்தா கம்பால தட்டுவேன். எல்லாக் கோணமும் வேணும் பாருங்க. சிறகு மேல போறது, கீழ வாறது, திரும்புறது. அதைத்தான் வரைஞ்சு கம்ப்யூட்டரில ஏத்தினது.”

“கிளி இப்போ எங்க?”

“அது செத்துப்போச்சு. கடைசி நாளு தட்டத் தட்ட எழும்பல்ல. கண்ணு மட்டும் மூடி மூடித் திறந்துது. அதைத்தான் சிமிட்டலா வச்சுட்டேன்.” அவர் சிரித்தார். “ஒண்ணும் வீண் போகல்ல.”

மோகனன் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, “நல்லவேளை அக்கா, கம்பெனி முத்திரை மனுஷன் இல்ல” என்று முணுமுணுத்தான்.

“இது எப்போ வந்தது?” என்றாள் ஆனந்தபாய்.

சுவாமிதாஸ் எழுந்துபோய்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த பத்திரிகை விளம்பரத்தைக் காட்டினார். சுடரொளி வீடியோவின் ஓண வாழ்த்து. ‘இந்த ஓணம் முதல் எங்கள் புதிய முத்திரை. பறவை கண் சிமிட்டினால் மட்டுமே அசல்.’ மேலே பத்திரிகையின் பெயரும் தேதியும் இருந்தன. 1995.

“அதுக்கு முன்னால இந்தப் பறவை எந்தக் கேசட்டிலயாவது வந்திருக்க வழி உண்டா?”

“எப்படி வரும் மேடம்? அதுக்கு முன்னால கிளியே உயிரோடதான இருந்துது.”

ஆனந்தபாய் அவர் முகத்தைப் பார்க்காமல் விளம்பரத்தின் தேதியைக் குறித்துக்கொண்டாள். வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த ஜெபம் 1995 ஓணத்துக்குப் பிறகு நடந்தது. 1993-ல் அடக்கம் செய்யப்பட்ட பெண் அதில் சாயா கொண்டுவந்தாள்.

வெளியே வந்ததும் மோகனன், “ஒரு போன் பண்ணிட்டு வாறேன்” என்று எதிரிலிருந்த பூத்துக்குள் போனான். பெண்டாட்டியிடம் சாப்பிட வரமாட்டேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்து ஆனந்தபாய் காரில் உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது அவன் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த களை இருந்தது.

“இனி ராஜையா வீடுதான?” என்று கேட்டு அம்பாசிடரைக் கிளப்பினான்.

*

ராஜையா வீட்டின் ஹாலில் பின்சியின் பெரிய போட்டோ மாலையோடு தொங்கியது. அவர் ரிட்டையரான தபால் ஆபீஸ் அதிகாரி. சபையில் மூப்பர். வெள்ளை வேட்டியில் ஒரு கறை இல்லை.

“போலீசிலயே சொல்லிட்டேனே தங்கச்சி. தொண்ணூத்திரண்டு கிறிஸ்மஸ். இந்த ஹாலில வச்சுத்தான் ஜெபம்.”

“சினிமாக் கேசட் மேலதான பதிஞ்சீங்க?”

“ஆமா. வீட்டில கெடந்த கேசட். பழையது.”

“அப்போ அந்தக் கேசட் தொண்ணூத்திரண்டிலயே உங்க கையில இருந்தது. உறுதிதான அண்ணே?”

“கர்த்தர் சாட்சியா சொல்லுறேன்.”

“கர்த்தரைக் கூப்பிடாதீங்க அண்ணே, அவருக்கு வேற சோலி உண்டு” என்றான் மோகனன். “கேசட் ஆரம்பத்தில ஒரு பறவை வருதே, அது சாட்சி சொல்லுது. தொண்ணூத்திரண்டில அது முட்டைக்குள்ளகூட இல்ல.”

ஆனந்தபாய் அந்தப் பறவை எந்த ஓணத்துக்கு வந்தது என்பதைச் சொன்னாள். விளம்பரத்தைச் சொன்னாள். ராஜையா மறுத்துப் பேசுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்துபோய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேட்டியின் நுனியால் முகத்தைத் துடைத்தார்.

“அதை நான் பாத்ததே இல்ல” என்றார். “அந்தப் பறவையை. எப்பவும் ஓட்டிவிட்டு, அவ வாற இடத்திலதான் நிறுத்துவேன். கதவு திறக்கும், தட்டோட வருவா, திரும்பிப் போவா. மறுபடி ஓட்டுவேன். பூஞ்சை ஏறி முகம் மறைஞ்சுபோச்சு. அதனாலதான் துடைக்கக் கொடுத்தேன்.”

“அப்போ அவ உயிரோட உண்டு.”

“உண்டு.”

“செய்யாத கொலைக்கு ஒருத்தன் ஜெயிலில கெடக்கான். உங்க சாட்சியால. மகளை எங்க அடைச்சு வச்சிருக்கீங்க?”

“அடைச்சா?” ராஜையா அவளையே பார்த்தார். “வா தங்கச்சி. நீயே வந்து கேளு. நீ போலீஸில இருந்தவ. கேட்ட பிறகு என்ன செய்யணுமோ செய்.”

மோகனனின் காரிலேயே கிளம்பினார்கள். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ராஜையாவின் உதடுகள் வழி முழுக்க அசைந்துகொண்டிருந்தன. ஜெபமா, சொல்லப்போகும் வார்த்தைகளா என்று ஆனந்தபாய்க்குத் தெரியவில்லை. கோபம் அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவன் குடும்ப மானத்துக்காக மகளை உயிரோடு புதைத்து, அவள் காதலனையும் சேர்த்துப் புதைத்திருக்கிறான். இதற்கு முன்னால் இதுபோல் எத்தனையோ அப்பன்களைக் கண்டிருக்கிறாள்.

*

கள்ளிக்காட்டில் ரோட்டை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கிடையே போனால் ராஜையாவின் தங்கை வீடு. வெளியே பூட்டு இல்லை. ஜன்னலில் கம்பி அடைப்பு இல்லை. முற்றத்தில் குழந்தைத் துணிகள் காய்ந்தன. இடுப்பில் பெண் குழந்தையோடு வெளியே வந்தவள், அப்பாவின் பின்னால் இரண்டு புதுமுகங்களைக் கண்டதும் அப்படியே நின்றாள். டிவியில் பார்த்த அதே முகம்; அவளுக்குப் பின்னால் தெரிந்ததும் டிவியில் ஜெபம் நடந்த அதே ஹால். இடது காதிலிருந்து கழுத்துவரை ஒரு தழும்பு இருந்ததைக் கேமரா காட்டியிருக்கவில்லை.

“பின்சி, இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு மக்கா” என்றார் ராஜையா.

பின்சி குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். “உள்ள வாங்க” என்றாள்.

உட்கார்ந்ததும் ஆனந்தபாய் சுற்றிவளைக்கவில்லை. “உன்னைக் கொன்னான்னு சொல்லி அனூஜ் ஜெயிலில இருக்கான். தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இங்க இருக்க?”

“அவன் என்னைக் கொன்னான் அக்கா. நான் சாகல்ல, அவ்வளவுதான்.”

அவள் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள்.

பின்சி குரலை உயர்த்தாமல் சொன்னாள். அனூஜை அவளுக்குப் பிடித்திருந்தது உண்மை. பிறகு அவன் அடிக்க ஆரம்பித்தான். இனி வேண்டாம் என்று அவள் சொன்னாள். கடைசியாக ஒரு தடவை பேசவேண்டும் என்று கெஞ்சி அணைப் பக்கம் கூட்டிப்போனான். பாறை மேல் நின்று நன்றாகத்தான் பேசினான். வெள்ளம் எவ்வளவு ஆழம் என்று காட்டினான். பிறகு தள்ளினான்.

“எனக்கு நீந்தத் தெரியாதுண்ணு அவனுக்குத் தெரியும். பாறையில உரசி இங்க கிழிஞ்சுது. மேல வந்து கையைத் தூக்கினேன். அவன் கரையில குத்தவச்சு உட்கார்ந்து பாத்துட்டு இருந்தான். ரெண்டாம் தடவை மேல வந்தேன். அப்பவும் பாத்துட்டு இருந்தான். மூங்கில் ஒண்ணு கையில பட்டுது. அதுக்க அடியில முகத்தை ஒளிச்சுக் கெடந்தேன். நான் செத்தாச்சுண்ணு நினைச்சு எழும்பிப் போகிறவரைக்கும்.”

“பிறகு?”

“கரையேறி இங்க வந்தேன். இது அத்தை வீடு. இப்போ எனக்க மாமியார் வீடு. அத்தை மவனைத்தான் கெட்டியிருக்கேன். அவரு துபாயில.”

ஆனந்தபாய் ராஜையாவைப் பார்த்தாள். “அப்பவே போலீசில சொல்லியிருக்கலாமே.”

“என்னண்ணு சொல்ல?” என்றார் அவர். “தள்ளினான், பொழைச்சாண்ணா? வக்கீலிடம் போய்க் கேட்டேன். கொலை முயற்சி, சாட்சி கிடையாது, பையன் ஜாமீனில வெளிய வந்துருவாண்ணு சொன்னார். வந்தா என்ன செய்வான்? பாதியில விட்ட வேலையை முடிப்பான். அந்தச் சமயத்திலதான் போலீஸ்காரங்க வந்து விளிச்சாவ. அணையில ஒரு பொம்பளைப் பிணம் மிதக்குது, ஆளு அடையாளம் தெரியல்ல, உங்க மவளைக் காணல்லண்ணு ஊரில பேச்சு, வந்து பாருங்கண்ணு.”

“பாத்தீங்க.”

“பாத்தேன். முகம் இல்ல. கையில ஒரு வளையல் இருந்துது. அது எனக்க மவளுக்கதுண்ணு சொன்னேன்.”

“அந்தப் பொம்பளை யாரு?”

“தெரியாது.”

“அவளுக்கும் ஒரு அப்பன் எங்கயாவது தேடிட்டு இருப்பான் அண்ணே.”

ராஜையா தலையைத் தாழ்த்தினார். “எனக்க அப்பன் பாட்டன் கெடக்கிற இடத்திலதான் அடக்கினேன். இதைவிட நான் என்ன செய்ய? எனக்க பிள்ளை ஜீவிக்கணும். அதுக்காக அவளை எடுத்துக்கிட்டேன். நான் செய்தது பாவம். மறுபடி அந்த நாளு வந்தாலும் அதையேதான் செய்வேன்.”

போலீஸில் இருந்த காலத்தில் ஆனந்தபாய் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறாள். இப்படி நேராகப் பார்த்துக்கொண்டு எவனும் சொன்னதில்லை. வழியில் கொதித்த கோபத்தை அவள் தேடினாள். அது இருந்தது. ஆனால் யார் மேல் வைப்பதென்று தெரியவில்லை. சரசம்மா கண்ணில் ஒற்றிக்கொண்ட தன் கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மோகனனைக் கவனித்தாள். அவன் கதவருகே சுவரில் சாய்ந்து, வேர்த்து வழிந்து நின்றான்.

“என்ன மோகனா?”

“அக்கா... நான் சொல்லிப்போட்டேன்.”

“யார்கிட்ட?”

“சரசம்மாட்ட. காட்டாக்கடை பூத்திலிருந்து அஜினுக்க கடைக்குப் போன் பண்ணினேன். அந்தம்மா அங்கதான் இருந்தாவ. பின்சி ஜீவனோட உண்டம்மா, அடுத்து ராஜையா வீட்டுக்குப் போறோம்ணு சொன்னேன். கேட்டதும் அழுதாவ. நல்லது செய்யுறேன்னு நினைச்சேன் அக்கா.”

“ராஜையா வீட்டுக்குப் போறோம்ணும் சொன்னியா?”

அவன் தலையாட்டும்போதே ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஜீப் சத்தம் கேட்டது.

*

ஜீப்பை ஓட்டிவந்தவன் அஜின். பாறசாலையில் ராஜையாவின் வீட்டு முனையில் காத்திருந்து, அம்பாசிடரின் பின்னாலேயே வந்திருக்கிறான். அவன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. சரசம்மாதான் இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, பின்சியின் முன்னால் நின்றாள். கன்னத்தைத் தொட்டாள். தழும்பைத் தொட்டாள். இவள் நிஜம்தான் என்று உறுதியானதும் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வா. இப்பவே வா. கோர்ட்டில வந்து நில்லு. எனக்க மவன் கொலைகாரன் இல்லண்ணு எல்லாவனும் பாக்கட்டு.”

“கையை விடுங்க சரசம்மா” என்றாள் ஆனந்தபாய். “உங்க மகன் இவளைத் தண்ணியில தள்ளிவிட்டுக் கரையில உட்கார்ந்து பாத்திருக்கான்.”

“அதுக்கென்ன?”

ஆனந்தபாய் அவளை நேராகப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் தடவை ஜெயிலில பாக்கப் போனப்பவே எங்கிட்ட சொல்லிட்டான். பெத்த தாயிடம் மறைப்பானா? தள்ளினான். கோபத்தில தள்ளினான். ஆனா இவ சாகல்லையே! குழந்தையும் குட்டியுமா கொழுகொழுண்ணு இருக்கா. பின்ன எனக்க மவன் என்ன தெற்று செய்தான்? நாலு வருஷமா எதுக்குக் கெடக்கான்?”

“என்னிடம் அவன் அணைப் பக்கமே போகல்லண்ணு சொன்னீங்க.”

“உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க இந்தக் கேஸை எடுத்திருப்பீங்களா மேடம்?”

ராஜையா எழுந்து சரசம்மாவின் காலில் விழப்போனார். “உனக்க மவன் வெளிய வந்தா இவளை விடமாட்டான். உனக்கும் தெரியும். என்னை என்ன வேணும்னாலும் செய். இவளை மட்டும் பாக்கல்லண்ணு சொல்லிட்டுப் போ.”

“நான் பாத்தாச்சு” என்றாள் சரசம்மா. “நீ அவனுக்கு இரக்கம் காட்டினியா? நான் ஏன் காட்டணும்?”

ஆனந்தபாய் இடையில் போய் நின்றாள். சரசம்மாவின் விரல்களைப் பிரித்துவிடலாம். ஜீப்பை மறித்து நிறுத்தலாம். ஆனால் நாளைக்கே ஒரு வக்கீல் சுவாமிதாஸின் சுவரிலிருந்த விளம்பரத்தையும் கேசட்டையும் கோர்ட்டில் வைப்பான். இந்த வீட்டைப் பத்து பேர் சுற்றி நிற்பார்கள். அதற்கான வழியைக் காட்டியது அவளேதான்.

பின்சி கையை உருவிக்கொள்ளவில்லை. பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இவங்க கூட்டிட்டுப் போனா நான் என்ன ஆவேன் அக்கா?”

“அவனை விடுவிக்க வந்த சாட்சி ஆவ.”

“நானே போனா?”

ஆனந்தபாய்க்குப் புரிந்தது. “புகார் கொடுக்க வந்தவ ஆவ. அவன் உனக்குச் செய்ததை முதல்ல எழுதவேண்டி வரும். ஆனா உங்க அப்பா செய்ததையும் நீதான் சொல்லணும். மறைக்க முடியாது.”

பின்சி அப்பாவைப் பார்த்தாள். ராஜையா தரையில் உட்கார்ந்தபடியே, “போ மக்கா” என்றார்.

பின்சி சரசம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். “மோகனா, வண்டியை எடு” என்றாள் ஆனந்தபாய். “ஜீப்புக்கு முன்னால ஸ்டேஷனுக்குப் போகணும்.”

இறங்கிக் கிடந்த அந்தப் பாதையில் மோகனன் அதுவரை யாரும் அம்பாசிடரை ஓட்டியிராத மாதிரி ஓட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

*

ஸ்டேஷனில் ரைட்டர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். பின்சி எதிரில் உட்கார்ந்தாள். குழந்தை ராஜையாவின் தோளில் இருந்தது. பின்னாலேயே வந்துசேர்ந்த சரசம்மா வராந்தாவில் நின்றாள்.

“பேரு?”

“பின்சி.”

“அப்பன் பேரு?”

“ராஜையா. பாறசாலை.”

ரைட்டர் கை நின்றது. அந்தக் கேஸ் அவருக்கு நினைவிருந்தது. ஆனந்தபாயைப் பார்த்தார், மறுபடி பின்சியைப் பார்த்தார். “இந்தப் பேரில உள்ள ஆளு செத்தாச்சே.”

“செத்தவதான் சொல்லுறேன் சார். எழுதுங்க.”

அவள் பாறையைச் சொன்னாள். தண்ணீரைச் சொன்னாள். கரையில் உட்கார்ந்திருந்தவனைச் சொன்னாள். ரைட்டர் எழுதிக்கொண்டே வந்து கேட்டார்.

“பின்ன அந்தப் பிணம் நீதாண்ணு அடையாளம் சொன்னது யாரு?”

பின்சி அப்பா பக்கம் திரும்பினாள். ராஜையா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

“எங்க அப்பா” என்றாள்.

மூலையிலிருந்த கான்ஸ்டபிள் எழுந்து வந்தார். “பிள்ளையை அவங்ககிட்ட கொடுங்க பெரியவரே” என்றார் மரியாதையாகத்தான். குழந்தை தாத்தாவின் சட்டையை விடவில்லை. கான்ஸ்டபிள் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, பின்சியின் மடியில் குழந்தையைப் போட்டார். அது அலறியது. ராஜையாவின் தோளைப் பிடித்து உள்ளறைக்குக் கொண்டுபோனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று ஆனந்தபாய்க்குத் தெரிந்தது.

வராந்தாவிலிருந்து சரசம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “சாரே, எனக்க மவன் எப்போ வருவான்?”

“பேப்பரெல்லாம் கோர்ட்டுக்குப் போகணும் அம்மா” என்றார் ரைட்டர், தலை நிமிராமல். “கொலைக் கேஸ் நிக்காது. வந்துருவான்.”

சரசம்மா கம்பியில் நெற்றியை வைத்துச் சிரித்தாள், அழுதாள்.

பின்சி அதைக் கேட்டாள். அலறும் குழந்தையை ஆனந்தபாயிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

“எழுதுங்க சார்” என்றாள். “அதுக்கு முன்னால அவன் என்னை அடிச்ச கதையை நான் இன்னும் சொல்லத் தொடங்கல்ல.”